மூச்சுக்கு ஓர் எண்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாய் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள், அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை எண்களாக மாற்றும் பணியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருக்கிறார்கள். தாவரவியலோ உயிர்வேதியியலோ மருந்தியலோ படித்துவிட்டு வந்தவர்கள். 'மெடிக்கல் கோடிங்' என்ற பெயரை நம் வீடுகளில் இப்போது யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரல் சோதனைகளுக்கும் அவர்களிடம் எண்கள் உண்டு. 94010 என்றால் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து மூச்சை அளப்பது. 94060 என்றால் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அளப்பது. ஒரே அமர்வில் இரண்டையும் எழுதிப் பணம் கேட்க முடியாது. முதலாவது இரண்டாவதற்குள் அடக்கம்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகால வரலாறு இருக்கிறது. அதைத் திரும்பிப் பார்க்கையில் ஒன்று நமக்குத் தெளிவாகிறது: மூச்சை அளக்கும் கருவி, பிறந்த நாள் முதலே நோயாளியின் படுக்கைக்கு அருகில் இருந்த அளவுக்குக் காப்பீட்டுக்காரரின் மேசைக்கு அருகிலும் இருந்திருக்கிறது.

ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1846-இல் தம் ஆய்வை வெளியிட்டார். தண்ணீர் நிறைந்த கலத்துக்குள் கவிழ்த்து வைத்த உருளை, குழாய் வழியே ஊதினால் மேலெழும். எழுந்த உயரம் வெளிவந்த காற்றின் அளவைச் சொல்லும். அவருடைய ஸ்பைரோமீட்டர் இவ்வளவுதான். முழுமூச்சு இழுத்து முழுவதுமாய் வெளிவிடும் காற்றுக்கு 'உயிர்ப்புத் திறன்' எனப் பெயரிட்டார். மாலுமிகள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், ஏழைகள், கனவான்கள் என 2,130 பேரை ஊதவைத்தார். உயரம் ஓர் அங்குலம் கூடினால் திறன் எட்டு கன அங்குலம் கூடுகிறது என்ற விதியைக் கண்டார். காசநோயை அது முற்றுவதற்கு முன்பே இந்த அளவு காட்டிக்கொடுக்கும் என்பது அவரது நம்பிக்கை. அவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவராகவும் இருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். விரைவில் சாகப்போகிறவர் யார் என்பதை அறிந்துகொள்ள அன்றைய லண்டனில் அந்த நிறுவனங்களைவிட ஆவல் கொண்டவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது. ஹட்சின்சன் 1852-இல் தங்கவேட்டை நடந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவுக்குப் போனார். 1861-இல் ஃபிஜித் தீவில் இறந்தார்.

கருவி அதற்குள் அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டிருந்தது. லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின மக்களின் நுரையீரல் வெள்ளையரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான திறனுடையது என்றும், கட்டாய உழைப்பே அவர்களது இரத்தத்தைத் தூய்மையாக்குகிறது என்றும் எழுதினார். அடிமைகள் தப்பியோடுவதை ஒரு நோயாக வகைப்படுத்தி, 1851-இல் அதற்குக் கிரேக்க வேர்ச்சொற்களால் 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தவர் இவரே. நோய்களுக்குப் பெயரிடுவது எத்தகைய அதிகாரம் என்பதற்கு இதைவிட அப்பட்டமான சான்று நமக்குத் தேவையில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1869-இல், பெஞ்சமின் கூல்ட் படைவீரர்களின் உடலளவுகளைப் பெரும் நூலாகத் தொகுத்தார். அதிலும் கறுப்பின வீரர்களின் உயிர்ப்புத் திறன் குறைவாகவே பதிவாகியிருந்தது. அவர்கள் எத்தகைய வாழ்விலிருந்து வந்தார்கள், என்ன உண்டார்கள் என்ற கேள்விகள் அந்த அட்டவணைகளில் இல்லை. புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன் 1896-இல் அவற்றை எடுத்தாண்டு, கறுப்பின மக்களின் மரண விகிதத்துக்குக் காரணம் வாழ்நிலை அல்ல, இனமே என்று வாதிட்டார். அவர்களுக்குக் காப்பீடு மறுப்பதற்கு அது வசதியான வாதமாயிற்று. கணிதப் பேராசிரியரான கெல்லி மில்லர் அடுத்த ஆண்டே விரிவான மறுப்பு எழுதினார். ஆனால் அட்டவணைகளே நிலைத்தன.

அவை எப்படி நிலைத்தன என்பதை அறிய, சோதனையின் உள்முறையைச் சற்றே பார்க்கவேண்டும். ஸ்பைரோமீட்டர் தரும் லிட்டர் கணக்குக்குத் தனியே பொருள் கிடையாது. இந்த வயதில், இந்த உயரத்தில், இந்தப் பாலினத்தவருக்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அளவோடு ஒப்பிட்டே அது பொருள் பெறுகிறது. ஒருவர் மூன்று லிட்டர் ஊதுகிறார். எதிர்பார்ப்பு நான்கு லிட்டர் என்றால் அவர் 75 விழுக்காடு. 80-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்பது நெடுங்காலம் வழங்கிய வழக்கம். ஆகவே அவர் நோயாளி. எதிர்பார்ப்பையே 0.85-ஆல் பெருக்கினால் அது 3.4 லிட்டராகிவிடும். அதே மூச்சு இப்போது 88 விழுக்காடு. அவர் ஆரோக்கியமானவர்.

இது கற்பனைக் கணக்கல்ல. பஞ்சாலைத் தூசி குறித்து அமெரிக்க அரசு 1978-இல் கொண்டுவந்த தொழிலாளர் பாதுகாப்பு விதியில், கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இந்த 0.85 எழுத்திலேயே இருந்தது. 1999-இல், பால்டிமோரில் ஆஸ்பெஸ்டாஸால் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளில், கறுப்பின மனுதாரர்கள் மற்றவர்களைவிட மோசமான சோதனை முடிவைக் காட்டினால்தான் வழக்கு நடக்கவேண்டும் என்று ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லண்டி பிரவுன் 2014-இல் வெளியிட்ட நூலில் இந்த நீண்ட கதை முழுவதையும் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்.

இதே கருவி உழைப்பாளிக்குத் துணை நின்றதும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் 1968 நவம்பரில் 78 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1969-இல் வந்தது. எத்தனை லிட்டருக்குக் கீழே ஊதினால் முழு ஊனமாகக் கருதலாம் என்பதை வயது, உயரம், பாலினம் வாரியாகப் பிற்கால விதிகள் அட்டவணையிட்டன. ஒரு சிறு தசம வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் மாதாந்திர வருமானம் தொங்கியது.

பணம் கேட்கும் எண்களும் இதே காலத்தில்தான் பிறந்தன. அறுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கான மெடிகேர் திட்டம் நடைமுறைக்கு வந்த 1966-லேயே, அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் சிகிச்சைமுறை எண் தொகுதியின் முதல் பதிப்பை வெளியிட்டது. 1970-இல் எண்கள் ஐந்திலக்கமாயின. 1983-இல் மெடிகேர் அவற்றை ஏற்றது. 94010 என்ற எண், சோதனை நடந்ததைச் சொல்லும். எந்த எதிர்பார்ப்பு அளவோடு ஒப்பிட்டார்கள் என்பதைச் சொல்லாது. அந்த ஒப்பீட்டின் விளைவு நோய்க்கான எண்ணில்தான் தெரியும். மருத்துவர் நாள்பட்ட அடைப்பு நோய் என்று எழுதினால் J44.9, மூச்சுத்திணறல் என்று மட்டும் எழுதினால் R06.02. சோதனைத் தாளில் உள்ள விழுக்காட்டைப் பார்த்துத் தானாக ஒரு நோயை முடிவுசெய்யக் கோடிங் செய்பவருக்கு அனுமதி இல்லை. மருத்துவரின் சொல்லையே அவர் எண்ணாக்கவேண்டும். அந்த விதி நியாயமானதே. ஆனால் மருத்துவரின் சொல்லுக்குள் கூல்டின் அட்டவணையிலிருந்து வந்த மரபு உறைந்திருந்தால், அதுவும் சேர்ந்தே எண்ணாகிவிடுகிறது.

இந்தக் கதையில் நமக்கும் இடமுண்டு. இந்தியர்களின் சராசரி ஐரோப்பியரைவிடக் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சென்னையின் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்த ஆய்வொன்று 1990-இல் 'தோராக்ஸ்' இதழில் வந்தது. 2012-இல் உலகளாவிய அளவுகோல் வகுக்கப்பட்டபோது இந்தியர்களுக்கெனத் தனி வகை இல்லை; 'பிறர்' என்ற வகைக்குள் போனோம். சராசரி குறைவுக்குக் காரணம் உடலமைப்பா, குழந்தைப் பருவத்து ஊட்டமின்மையா, அடுப்புப் புகையா என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல. குறைவை இயல்பு என்று ஏற்றுவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய தேவையே நீங்கிவிடுகிறது.

அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2023-இல், இனம் பாராத பொது அளவுகோலைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. இதில் ஆதாயம் மட்டும் இல்லை. இழப்பீடு பெறாத பலர் இனிப் பெறக்கூடும். அதே வேளையில் தீயணைப்புப் பணிக்கோ நுரையீரல் அறுவைக்கோ தகுதியாய் இருந்த சிலர் தகுதி இழக்கவும் கூடும். எந்த அளவுகோலை எடுத்தாலும் ஒருவருக்கு ஏதோ ஒரு கதவு மூடுகிறது. முன்பு எந்தக் கதவு யாருக்கு மூடியது என்பதை அந்த நோயாளி அறிய வழியில்லாமல் இருந்தது. இப்போது அது விவாதத்துக்கு வந்திருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் இன்று ஒருவர் 94060 என்று தட்டச்சு செய்கையில் அவருடைய திரையில் ஓர் எண்தான் தெரியும். அதன் மறுமுனையில் எங்கோ ஒருவர் மூக்கைக் கவ்வியால் அடைத்துக்கொண்டு, இனி ஊத ஒன்றுமில்லை என்னும்வரை ஊதியிருக்கிறார்.