வளைந்துகொடுக்கும் உலோகம்: டர்பைன் கசிவடைப்புகளின் வரலாறு

நீராவியைக் கொண்டு வேலை வாங்கத் தொடங்கிய நாளிலிருந்தே, அசையும் உறுப்புக்கும் அசையாத உறுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை எதைக்கொண்டு மூடுவது என்ற கேள்வி பொறியாளர்களை விடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் அமைத்த எந்திரங்களில், உருளைக்கும் அதனுள் ஏறியிறங்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொழுப்பில் ஊறிய சணல் நார் திணிக்கப்பட்டது. அது தேயத் தேய மீண்டும் திணிக்கப்பட்டதே அன்றைய பராமரிப்பின் பெரும்பகுதி. நாருக்கு மாற்றாக உலோகத்தையே வளைந்துகொடுக்கச் செய்யலாம் என்பதை நடைமுறையில் நிலைநாட்டியவர் ஆங்கிலேய ரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம். உருளையின் விட்டத்தைவிடச் சற்றே பெரிதாகவும் ஓரிடத்தில் வெட்டுடனும் அமைந்த உலோக வளையத்தைச் சுருக்கி உள்ளே பொருத்தினால், அது தன் பழைய வடிவுக்குத் திரும்ப முயன்று உருளைச் சுவரை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் என்பதே 1852இல் அவர் கையாண்ட வழி. இன்றும் பெட்ரோல், டீசல் வாகனங்களின் எந்திரங்களில் உள்ள பிஸ்டன் ரிங் அதன் வழிவந்ததே. சீல் எனப்படும் கசிவடைப்பைத் தன் வடிவை மறவாத ஒரு வில்லாகக் காணும் பார்வைக்கு இவ்வளையம் நல்லதொரு தொடக்கம்; ஆயினும் அடுத்து வந்த பொறிக்கு அது உதவவில்லை.

1884இல் சார்லஸ் பார்சன்ஸ் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் உருவாக்கிய நீராவி டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 18,000 முறை சுழன்றது. அந்த வேகத்தில் எந்த நாரும் எந்த வளையமும் தண்டை உரசிக்கொண்டு நிலைக்க முடியாது. உரசலில் பிறக்கும் வெப்பமே இரண்டையும் அழித்துவிடும். எனவே இடைவெளியை மூடும் முயற்சியையே கைவிட்டு, அதன் வழியே செல்லும் நீராவியைக் களைப்படையச் செய்யும் வழியைப் பார்சன்ஸ் மேற்கொண்டார். லேபிரிந்த் அடைப்பு எனப்படும் இவ்வமைப்பில், தண்டைச் சுற்றிலும் கூரிய விளிம்புடைய மெல்லிய தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வொரு விளிம்பின் குறுகிய இடுக்கிலும் நீராவி அழுத்தத்தை இழந்து வேகம் கொள்கிறது. இடுக்கைத் தாண்டியதும் அடுத்துள்ள அறைக்குள் சுழன்று அந்த வேகத்தை வெப்பமாகக் கரைத்துவிடுவதால், அடுத்த இடுக்கை அது புதிதாகத் தள்ளிக் கடக்கவேண்டியதாகிறது. கசிவு நிற்பதில்லை, சுருங்குகிறது. தோல்வியை ஒப்புக்கொண்டே வென்ற இந்த உத்தியின் அளவைக் கணக்கிட எச். எம். மார்ட்டின் 1908இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். 1935இல் அடால்ஃப் எக்லி அதை மேலும் செம்மைப்படுத்தினார்.

கசிவின் அளவு தகடுகளின் எண்ணிக்கையைவிட இடுக்கின் அளவைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது என்பதுதான் சிக்கல். ஒரு மீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம் 500 பாகை செல்சியஸ் சூடேறினால் விட்டத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வளர்கிறது. ஆனால் லேபிரிந்தின் இடுக்கோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய தண்டும் கனத்த கூடும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை என்பதால், பொறியைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் தகடுகள் தண்டை உரசுவது தவிர்க்க இயலாததாயிற்று. ஒருமுறை உரசித் தேய்ந்த விளிம்பு, அடுத்த பழுதுபார்ப்பு வரை மிகையான கசிவுக்கு நிலையான வழியாகிவிடும். இதனாலேயே லேபிரிந்த் வளையம் பல துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஒரு தட்டை ஸ்பிரிங் வைக்கப்பட்டது. தண்டு முட்டினால் துண்டு பின்வாங்கும், விலகினால் திரும்பும். ராம்ஸ்பாட்டம் வளையத்தில் அடைப்பதற்குப் பயன்பட்ட வில்தன்மை இங்கே விட்டுக்கொடுப்பதற்குப் பயன்பட்டது. இன்னும் துணிவான வழி சுவீடனில் பிறந்தது. இரு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும் டர்பைனை வடிவமைத்த லியூங்ஸ்ட்ரோம் சகோதரர்கள், வெப்பநிலை வேறுபட்ட இரு பாகங்களை விறைப்பாகப் பிணைக்காமல், நடுவில் மெலிந்தும் இரு முனைகளில் தடித்தும் இருக்கும் வளையங்களைக்கொண்டு இணைத்தனர். வெப்ப வளர்ச்சியின் வேறுபாட்டை அம்மெலிந்த இடை வளைந்து ஏற்றுக்கொண்டது.

1939இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் பிரவுன் பொவேரி நிறுவனம் நிறுவிய 4,000 கிலோவாட் எரிவாயு டர்பைன், மின் உற்பத்திக்கென அமைந்த அவ்வகையில் முதலாவது. அதே ஆண்டு ஜெர்மனியில் முதல் ஜெட் விமானமும் பறந்தது. இப்பொறிகளில் கசிவு என்பது வெறும் இழப்பன்று. டர்பைன் ஈட்டும் திறனில் பெரும்பங்கைச் செலவிட்டு அமுக்கப்பட்ட காற்றே கசிந்து போகிறது. தவறான இடத்தில் கசியும் சூடான வாயு, அதைத் தாங்கும்படி அமையாத உறுப்புகளைச் சிதைத்துவிடுகிறது. தண்டைச் சுற்றியுள்ள இடைவெளி மட்டுமன்றி, ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிலையான பாகங்களின் பொருத்துகளும் வெப்பத்தில் விலகித் திறந்தன. இங்கே வளையும் உலோக அடைப்பு இன்றியமையாததாயிற்று. ஆனால் அதற்கேற்ற உலோகம்தான் இல்லை. சாதாரண ஸ்பிரிங் எஃகைச் செஞ்சூட்டில் அழுத்திவைத்தால், அது நொறுங்குவதில்லை. மெல்லமெல்லத் தன் தள்ளுவிசையை இழந்து, அழுத்தப்பட்ட வடிவையே தன் வடிவாக ஏற்றுக்கொள்கிறது. இதனை இறுக்கத் தளர்ச்சி என்பர். அடைப்பின் வரலாற்றில் வடிவமைப்பாளரின் திறனைவிட உலோகவியலாளரின் வருகையே பெரிய திருப்பம் என்று கொள்வது மிகையாகாது. ஜெட் என்ஜின் அலகுகளுக்கெனப் போர்க்காலத்திலும் அதன் பின்னும் உருவான நிக்கல் உலோகக்கலவைகள், சூட்டிலும் வில்தன்மையைக் காத்தன. அவற்றுள் பெரிதும் கையாளப்படும் இன்கொனெல் 718 ஏறத்தாழ 650 பாகை வரை தாங்கும். அதற்கு மேல் வாஸ்பலாய் போன்றவை தேவை.

இக்கலவைகளின் மெல்லிய தகட்டை உருட்டி, நுனிகளைப் பற்றவைத்து, வெப்பப் பதமூட்டிச் செய்யப்படும் வளையங்கள் அவற்றின் குறுக்குவெட்டின் தோற்றத்தால் ஆங்கில எழுத்துகளின் பெயரைப் பெற்றன. சி வடிவ வளையம் பலமாக அழுத்தும், ஆனால் பொருத்து விலகினால் சிறிதளவே பின்தொடரும். பல மடிப்புகள் கொண்ட ஈ வடிவ வளையம், வளைவை நீண்ட தகட்டில் பகிர்ந்துகொள்வதால் வெகுதூரம் பின்தொடரும், ஆனால் அதன் அழுத்தம் மென்மையானது. தகட்டைத் தடிப்பாக்கினால் அழுத்தம் கூடும், ஆனால் உலோகத்துக்குள் எழும் தகைவும் கூடித் தளர்ச்சி விரைந்து வரும். வடிவமைப்பின் பெரும்பாடு இந்த இழுபறியே. இதில் வாயுவையே துணைக்கழைத்தது நுட்பமான ஏற்பாடு: வளையத்தின் திறந்த வாய் உயரழுத்தப் பக்கம் நோக்கியிருப்பதால், கசிய முயலும் வாயுவே உள்ளே புகுந்து அடைப்பின் உதடுகளை இறுக அழுத்துகிறது.

சுழலும் தண்டை மீண்டும் தொடும் துணிவு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. தண்டின் சுழற்சித் திசையில் சாய்த்து அடர்த்தியாக நிறுத்திய மெல்லிய கம்பிகளின் தூரிகையால் இடைவெளியை மூடும் முயற்சி, 1950களில் அமெரிக்க ஜெட் என்ஜின் ஒன்றில் சோதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. ரோல்ஸ்-ராய்ஸ் அதை மீட்டெடுத்து, 1980களில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஹேன்ஸ் 25 எனும் கோபால்ட் கலவையாலான இக்கம்பிகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிமனுடையவை. தண்டு அதிர்ந்து விலகும்போது வளைந்து, திரும்பும்போது பெரும்பாலும் நிமிர்கின்றன. பெரும்பாலும் என்பது இங்கே வேண்டுமென்றே இட்ட சொல்: அழுத்தம் மிகுந்தால் கம்பிகள் பின்னுள்ள தாங்குதகட்டில் ஒட்டி, விலகிய நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு.

கசிவடைப்பு இழைக்குத் திரும்பியபின் துணிக்கும் திரும்பியதில் வியப்பில்லை. தரைமீது இயங்கும் பெரிய எரிவாயு டர்பைன்களில் எரிஅறைக்கும் முதல் வரிசை நிலைஅலகுகளுக்கும் இடைப்பட்ட பொருத்துகளில், அதே வகைக் கோபால்ட் கலவைக் கம்பிகளால் நெய்த உலோகத் துணியை மெல்லிய தகட்டின்மேல் போர்த்தும் அடைப்புகள் இடம்பெற்றன. உள்ளிருக்கும் தகடு வாயுவை மறிக்கிறது. மேலுள்ள துணி, அடைப்பை விறைப்பாக்காமல், தேய்வதற்கென ஒரு தடிமனைத் தருகிறது.