ஓரத்தில் எழுதியவை

அப்பாயி இறந்த பிறகு காரைக்கால் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த அப்பா போனில் கேட்டார்: "பொன்னியின் செல்வன் பைண்டு அஞ்சு இருக்குடா, எடுத்து வைக்கவா?" நான் ஆபீஸில் இருந்தேன். "நாட்டுடைமை ஆன புத்தகம்ப்பா, நெட்ல சும்மாவே கிடைக்குது" என்றேன். நாலு பைண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனது. நான்காம் பாகம் மட்டும் தையல் மெஷினுக்கு முட்டுக் கொடுத்திருந்ததால் தப்பியது.

கல்கியில் அந்தத் தொடர் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்தது. வாராவாரம் கதைப் பக்கங்களை மட்டும் உருவி, மணியம் படங்கள் கசங்காமல் அடுக்கி, பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பார்கள். மைதா பசை, பூச்சி வராமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம், காலிகோ முதுகு. ஸ்க்ராப் புக் செய்ய இன்று பெங்களூரில் காசு கட்டிக் கற்றுக்கொள்கிறோம். (நானும் கட்டியிருக்கிறேன்.)

அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில். மெட்ராஸ் பத்திரிகை எல்லை தாண்டித்தான் வரவேண்டும். தொடர் முடிந்த அதே ஆண்டு நவம்பர் 1-இல்தான் ஊர் இந்தியாவிடம் வந்தது. வராத வாரங்களுக்கு அப்பாயி யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் அத்தியாயத்தை அப்படியே எழுதிச் சேர்த்திருக்கிறார். அச்சுப் பக்கங்களுக்கு நடுவே கையெழுத்துப் பக்கங்கள்.

அதைவிட ஓரங்கள். பென்சிலில், பொடி எழுத்தில்: நெல் அளந்தது, மாடு கன்று போட்டது, நாத்தனார் வந்து போனது. ஓரிடத்தில் "புயல். ஓடு எல்லாம் போச்சு. புஸ்தகம் நனையலை." 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலாகத்தான் இருக்க வேண்டும். நாகையிலிருந்து காரைக்கால் இருபது கிலோமீட்டர் இருக்கும்.

பிரெஞ்சிந்தியாவின் அன்றாடத்தை எழுதியவர் என்றால் ஆனந்தரங்கப் பிள்ளையைச் சொல்வோம். துய்ப்ளேக்சின் துபாஷி, 1736 முதல் எழுதியவர். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காலம் அது. அந்த நாட்குறிப்பும் அவர் இறந்து எண்பத்தைந்து ஆண்டு வீட்டில்தான் கிடந்தது. 1846-இல் கலுவா மொம்பிரோன் கண்ணில் பட்டது. அவரிடம் கணக்கு நோட்டு இருந்தது, எழுத நேரமும் இடமும் இருந்தது. அப்பாயிக்குக் கிடைத்தது வந்தியத்தேவனுக்குப் பக்கத்தில் அரை அங்குலம்.

நெட்டில் சும்மா கிடைக்கும் பிரதியில் அந்த அரை அங்குலம் கிடையாது. எனக்கு அது உறைத்தபோது கடைக்காரர், "அதெல்லாம் அன்னிக்கே லோடு ஏறிடுச்சு தம்பி" என்றார்.

மிச்சமிருப்பதை இப்போது ஸ்கேன் செய்கிறேன். செயலி தானாகவே ஓரத்தை வெட்டுகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டேன். ஆனால் பைண்டர் எனக்கு முன்பே, விளிம்பைச் சமன் செய்ய, வெட்டிவிட்டார். பல வரிகள் பாதியில் நிற்கின்றன. ஒன்று: "அவங்க இன்னிக்கு ச". சண்டையா, சம்பளமா, சமாதானமா?

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சாப்பிடலையா இருக்கும்" என்றார். காலை ஒடிந்துபோயிருக்கும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.