பழங்காலப் பாய்மரக் கப்பலுக்கு எந்தத் துணி?

பழைய பாய்மரக் கப்பலை மரத்தில் சிறு மாதிரியாகச் செய்பவர்கள் பலகைக்கும் வண்ணத்துக்கும் கொடுக்கும் கவனத்தைப் பாய்க்குக் கொடுப்பதில்லை. திருப்பூரில் ஒருவர் செய்தால் கையில் முதலில் கிடைப்பது பனியன் வேஸ்ட் துணிதான். அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். காற்றைப் பிடித்து நிற்க வேண்டிய பாய்க்கு நெசவுத் துணிதான் சரி.

இதில் வரலாறும் இருக்கிறது. மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போன பழைய வணிகப் பாதை கொங்கு நாட்டின் ஊடே சென்றது. அந்தப் பாதையில், நொய்யல் கரையில் இருந்த ஊர் கொடுமணல். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் ஆகியவற்றோடு நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து இவ்வூரைக் கொடுமணம் என்கிறது.

கடலின் மறுகரையில், எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான மியோஸ் ஹார்மோஸிலும் பெரனிகேயிலும் ரோமானியர் காலத்துப் பாய்த் துண்டுகள் கிடைத்துள்ளன. அவை பருத்தித் துணி. எகிப்தியர் நூலை ஒரு திசையிலும் இந்தியர் அதற்கு எதிர்த் திசையிலும் முறுக்குவது வழக்கம். இந்தத் துண்டுகளின் முறுக்கு இந்திய வகை. ஆனால் பாயைச் சுருக்கி ஏற்றும் கயிறுகளுக்கான வளையங்கள் மத்தியதரைக் கடல் முறையைச் சேர்ந்தவை. எனவே துணி இந்தியாவில் நெய்யப்பட்டது என்று சொல்லலாம். கப்பல் யாருடையது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் துணி கொங்கு நாட்டில் நெய்யப்பட்டது என்பதற்கும் சான்று இல்லை.

கப்பலின் வடிவத்திலும் இதே சிக்கல்தான். பழைய இந்தியக் கப்பலுக்கு வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. அஜந்தா ஓவியம் ஒன்றை ஆதாரமாக வைத்து, பலகைகளைக் கயிற்றால் தைத்து, இந்தியக் கடற்படைக்காகக் 'கௌண்டின்யா' கட்டப்பட்டது. கட்டுவதற்கு முன் அதன் சிறு மாதிரி சென்னை ஐஐடியில் தண்ணீரில் சோதிக்கப்பட்டது. 2025 டிசம்பரில் போர்பந்தரிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல் 2026 ஜனவரியில் மஸ்கட் சேர்ந்தது. ஆக, மாதிரி என்பது அலமாரியில் வைக்கும் அழகுப் பொருள் மட்டுமல்ல. ஓர் ஊகம் சரியா என்று பார்க்கும் வழியும்கூட.

மாதிரிக்குப் பழமைத் தோற்றம் தருவதிலும் இதை மறக்கக் கூடாது. பலரும் கப்பல் முழுக்கக் கறுப்புப் பூசிவிடுகிறார்கள். அது நெருப்பில் வெந்த கப்பல் போல ஆகிவிடும். பருத்திப் பாய் வெயிலில் வெளுக்கும், கயிறு உரசும் இடத்தில்தான் அழுக்கேறும். பலகைகளைத் தைத்த இடத்தில் ஆணித் தலை தெரியக் கூடாது, கயிற்றுத் தையல்தான் தெரிய வேண்டும். பாய்க்குப் பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் ஓடும் வெளுக்காத காடாத் துணியில் மெல்லிய ரகம் போதும். அதன் நிறமே பழைய பாயின் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னும் கொஞ்சம் மங்க வேண்டுமென்றால் தேயிலைத் தண்ணீரில் ஒருமுறை நனைத்துக் காயவைக்கலாம்.