சுழி ஆற்றல் மட்டமும் குவாண்டம் புள்ளியின் சாட்சியமும்

இடத்தியல் மீகடத்தியின் முனையில் மஜோரானா நிலை இருக்கிறதா என்பதற்கு மின்கடத்துகை உச்சத்தின் உயரத்தையே சான்றாகக் கொள்ளும் வழக்கம் இத்துறையைப் பல ஆண்டுகள் அலைக்கழித்துவிட்டது. முனையோடு ஒரு குவாண்டம் புள்ளியை இணைத்து, அதன் மட்டத்தை நகர்த்தும்போது எது அசைகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை என்பது இக்கட்டுரையின் வாதம்.

வலுவான தற்சுழற்சி-சுற்றுப்பாதைப் பிணைப்புள்ள குறைகடத்திக் கம்பியை மீகடத்தியோடு ஒட்டிக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் இரு முனைகளிலும் மஜோரானா நிலைகள் தோன்றும் என்று 2010இல் இரு கோட்பாட்டுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. இரு நிலைகளும் சேர்ந்தால்தான் ஓர் எலக்ட்ரான் நிலை. ஒவ்வொன்றும் அதில் பாதி. டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் 2012இல் இண்டியம் ஆன்டிமனைடு கம்பியில் சுழி மின்னழுத்தத்தில் ஓர் உச்சத்தைக் கண்டனர். எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்து வருவதை ஓர் அலகு என்போம். மின்தடையாகச் சொன்னால் அது ஏறத்தாழ 25,813 ஓம். மஜோரானா வழியே நிகழும் ஒத்ததிர்வு ஆந்த்ரேயெவ் எதிரொளிப்பு, பிணைப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும், சுழி வெப்பநிலையில் இரண்டு அலகு தர வேண்டும் என்று லா, லீ, இங் ஆகியோர் 2009இலேயே கணித்திருந்தனர். அந்த இரண்டு அலகைத் தேடும் ஓட்டம் 2018இல் நேச்சர் இதழ்க் கட்டுரையில் முடிந்ததுபோல் தெரிந்தது. 2021இல் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றனர்.

சிக்கல் அந்த ஒரு கட்டுரையோடு நின்றுவிடவில்லை. கம்பியின் முனையில் மின்னழுத்தம் மெல்லச் சரிந்தால், இடத்தியல் கட்டத்தை எட்டாத கம்பியிலும் சுழியை ஒட்டிய ஆந்த்ரேயெவ் நிலைகள் உருவாகும். கெல்ஸ், மெய்டன், ப்ரௌவர் ஆகியோர் இதை 2012இலேயே சுட்டினர். அந்நிலையின் இரு பாதிகளும் ஒரே முனையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்; ஆனால் மின்வாயைத் தொடுவது பெரும்பாலும் ஒரு பாதியே. எனவே உயரம் இரண்டு அலகை நெருங்கலாம். முனையில் தற்செயலாக உருவாகும் குவாண்டம் புள்ளியும் இத்தகைய போலியைப் பிறப்பிக்கும். வெப்பமும் குழப்பத்தைக் கூட்டுகிறது: 20 மில்லிகெல்வினிலும் வெப்பத்தால் வரும் அகலம் சுமார் 6 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட். அதைவிடக் குறுகிய உச்சம் தன் முழு உயரத்தைக் காட்டாது.

அதே புள்ளியை வேண்டுமென்றே அமைத்து நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. இரு சாதாரண மின்வாய்களுக்கு இடையே ஒற்றைத் தற்சுழற்சி மட்டமுள்ள புள்ளி. பக்கவாட்டில் மஜோரானா முனை. இந்த அமைப்பை லியூவும் பாராங்கரும் 2011இல் ஆராய்ந்தனர். இரு மின்வாய்ப் பிணைப்புகளும் சமமாக இருந்து, புள்ளி ஒத்ததிர்வில் நின்றால், தனிப் புள்ளி ஓர் அலகு கடத்தும். பக்கத்தில் சாதாரணச் சுழி நிலை இருந்தால் கடத்துகை சுழியாகிவிடும். மஜோரானா இருந்தால் அரை அலகு. காரணம் எளியது, அழகானதும்கூட. புள்ளியின் எலக்ட்ரானையும் இரு மஜோரானாப் பாதிகளாகப் பிரித்து எழுதலாம். ஒரு பாதி கம்பி முனையோடு பிணைந்து சுழியிலிருந்து விலகிவிடுகிறது. மீந்த பாதி மட்டுமே மின்னோட்டத்தைச் சுமக்கிறது. புள்ளியின் மட்டத்தை மேலும் கீழும் நகர்த்தினாலும் இந்த அரை அலகு குலைவதில்லை என்பது இதைவிடப் பெரிய செய்தி. வெர்னெக்கும் அவர் குழுவினரும் 2014இல் இதை மஜோரானா புள்ளிக்குள் கசிவதாக விளக்கினர்.

என்றாலும் அரை அலகும் ஓர் எண்தான். தனியே நின்றால் அதையும் போலிகள் ஏமாற்றக்கூடும். ஆகவே நான் அதிக எடை தருவது, ப்ராதா, அகுவாதோ, சான் ஹோசே ஆகியோரும் தனியே கிளார்க்கும் 2017இல் முன்வைத்த அளவீட்டுக்கு. புள்ளியின் மட்டம் சுழியைக் கடக்கும்போது கம்பியின் சுழி நிலை பிளவுபட்டால், எதிர்முனைப் பாதியும் புள்ளியைத் தொடுகிறது என்று பொருள். ஒத்ததிர்வுக்கு வெளியே பிளந்திருந்து ஒத்ததிர்வில் மட்டும் ஒன்றுசேர்ந்தால், இரு பாதிகளும் கம்பிக்குள் நேரடியாக மேற்படிகின்றன. எங்கும் பிளவில்லையெனில், இரண்டாம் பாதி எட்டாத் தொலைவில் இருக்கிறது. கோபன்ஹேகனில் டெங் குழு 2016இல் முனைப் புள்ளியுள்ள இண்டியம் ஆர்சனைடு-அலுமினியக் கம்பியில் எடுத்த அளவீடுகளை இந்தக் கண்கொண்டு படிக்கும்போதுதான் அவற்றின் மதிப்பு விளங்குகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: பிளவு அளவிட முடியாத அளவு சிறிதாக இருந்தால் அதை இல்லையென்று எண்ணிவிடுவோம் அல்லவா? மறுப்பு நியாயமானது. அதற்கான விடை புள்ளிகளாலேயே கட்டிய சங்கிலியில் இருக்கிறது. இரு புள்ளிகளுக்கு நடுவே மீகடத்தித் துண்டு. எலக்ட்ரான் ஒரு புள்ளியிலிருந்து மறுபுள்ளிக்குத் தாவும் வீச்சும், கூப்பர் இணை இரண்டாகப் பிரிந்து இரு புள்ளிகளுக்கும் செல்லும் வீச்சும் சமமானால், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மஜோரானா அமரும் என்று லெய்ன்ஸேவும் ஃப்ளென்ஸ்பெர்க்கும் 2012இல் காட்டினர். டெல்ஃப்ட் குழு 2023இல் இதைச் செய்தே காட்டியது. ஒரு புள்ளியின் மட்டத்தை மட்டும் நகர்த்தினால் சுழி நிலை அசையாது. இரண்டையும் நகர்த்தினால், இரு நகர்வுகளின் பெருக்கற்பலனுக்கு ஏற்ப அது பிளக்கும். இங்கே பிளவை நாமே வரவழைத்து அளக்கலாம். ஆகவே பிளவின்மைக்கும் பொருள் கிடைக்கிறது. இரு புள்ளிகளால் இடத்தியல் பாதுகாப்பு வராது. ஆனால் எந்தக் குறை எதிலிருந்து வந்தது என்று இதில் பிரித்தறிய முடிகிறது. நீண்ட கம்பியின் ஒழுங்கின்மைக்குள் அது இயலாது. நீளத்தை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டிச் சென்று, ஒவ்வொரு படியிலும் இதே பிளவுச் சோதனையைத் திரும்பச் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன்.