மன்னர் போயினர், மானியம் நின்றது: காரைக்கால் கரையில் அரசும் மடமும்

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் யாழ்மூரிநாதர் கோயில் உள்ளது. அதனை நிருவகிப்பது, மாநில எல்லைக்கு அப்பால் மயிலாடுதுறையை ஒட்டிய மற்றொரு தருமபுரத்தில் அமைந்த தருமபுரம் ஆதீனம். பதினாறாம் நூற்றாண்டில் குரு ஞானசம்பந்தர் நிறுவிய இச்சைவ மடத்தின் ஆளுகையில் 27 கோயில்கள் இருக்கின்றன. மடத்தின் தலைமை சைவ வேளாளர் மரபினருக்கே உரியதாக இருந்துவருகிறது. இத்தகைய மடங்களின் செல்வமும் செல்வாக்கும் பக்தியால் மட்டும் விளைந்தவை அல்ல. அவற்றில் அரசர்களின் பங்கு யாது, அதன் சுமையை யார் தாங்கினர் என்பதை இங்கே ஆராய்கிறோம்.

நிலம்

சோழ மன்னர்கள் கோயிலுக்கு அளித்த தேவதானம், பெரும்பாலும் ஓர் ஊரின் விளைச்சலில் அரசுக்குச் சேரவேண்டிய பங்கைக் கோயிலுக்கு மாற்றித் தருவதாகும். உழுதவர் உழுதுகொண்டே இருந்தனர். நெல் பெறும் கை மட்டுமே மாறியது. முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், தேவதான ஊர்களில் வரி நீங்கிய நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியே குறிக்கின்றன. சேரியை ஊரிலிருந்து பிரித்த கோடு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரசு ஆவணத்தில் ஏறிவிட்டது.

காரைக்காலுக்கு மேற்கே உள்ள திருப்பாம்புரத்தில், 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஒரு வேளாளரும் அவருடைய இரு மகள்களும் 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. நிலமுடைய சாதியினருக்கே இந்நிலை என்றால், விற்கத் தம் உடலன்றி வேறு ஏதுமற்றோரின் நிலையை நாம் ஊகிக்கலாம்.

நாயக்கர், மராத்தியர் காலங்களில் இக்கொடைகள் ‘கட்டளை’ என்னும் அறக்கட்டளை முறையில் மடங்களின் மேற்பார்வைக்கு வந்தன. திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் தருமபுரம் ஆதீனத்தின் பொறுப்பிலுள்ள கட்டளைக்கு இன்றும் ‘இராசன் கட்டளை’ என்றே பெயர்.

புராணம்

யாழ்மூரிநாதர் கோயிலின் தலவரலாறு திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் பற்றியது. சம்பந்தர் பதிகத்தின் புகழுக்கு இவருடைய யாழே காரணம் என்று உறவினர் கூற, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைச் சம்பந்தர் பாடினார். மனம் நொந்த பாணர் யாழையே உடைக்க முற்பட, சம்பந்தர் தடுத்தார். இதனைப் பாடிய சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர். திருவாரூரில் பாணருக்கு இறைவன் வடக்கே வேறு வாயில் வகுத்தான் என்றும் அவரே பாடுகிறார். அடியாருள் ஒருவராகப் போற்றப்பட்டவர்க்கும் பொது வாயில் திறக்கவில்லை. அரசவையில் உருவான இந்நூல், ஒடுக்கப்பட்டோரை வணங்கத்தக்கவராக்கியது. அவர்களை விலக்கிய வழக்கத்தையோ அருளின் பெயரால் காத்தது.

பல்லக்கு

மடம் அரசரிடமிருந்து நிலத்தை மட்டும் பெறவில்லை. அரசனின் கோலத்தையும் பெற்றது. பட்டம், பீடம், கொலு, குடை, சாமரம், பல்லக்கு அனைத்தும் அரச சின்னங்கள். ஆதீனத் தலைவரைப் பல்லக்கில் சுமந்து செல்லும் பட்டினப் பிரவேசத்திற்கு 2022இல் மயிலாடுதுறைக் கோட்டாட்சியர் தடை விதித்தார். எதிர்ப்பு எழுந்தபின் தடை விலக்கப்பட்டது. மே 22 அன்று நிகழ்ச்சி நடந்தது. மரபுரிமை என்றனர் ஆதரித்தோர். மனிதரை மனிதர் சுமப்பது எவருடைய மரபு என்பதே நம் கேள்வி.

எல்லைக்கோடு

தஞ்சை மராத்திய அரசிடமிருந்து 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஆகவே சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் இங்கே செல்லவில்லை. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962இல் நிறைவுற்றது. இன்று காரைக்கால் கோயில்களுக்கு உரியது புதுச்சேரியின் 1972ஆம் ஆண்டு இந்து சமய நிறுவனங்கள் சட்டம். பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்துத் தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்த திருத்தமும், அனைத்துச் சாதியினரையும் அர்ச்சகராக 2021இல் நியமித்த நடவடிக்கையும் இவ்வெல்லையில் நின்றுவிடுகின்றன. மடத்தின் அதிகாரம் எல்லையைக் கடக்கிறது, சீர்திருத்தம் கடப்பதில்லை.

எனவே காரைக்காலில் பணியாற்றும் தோழர்களும் மாணவர்களும் மூன்றைக் கேட்க வேண்டும் என்கிறோம். கோயில், மட நிலங்கள் யார் குத்தகையில் உள்ளன என்ற பட்டியல் ஊர்தோறும் வெளியிடப்பட வேண்டும். நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் குத்தகையில் முன்னுரிமை வேண்டும். அர்ச்சகர் பணியும் அறங்காவலர் பொறுப்பும் அனைவருக்கும் திறக்கப்பட வேண்டும். மன்னர் கொடுத்தது மக்களின் உழைப்பையே. அதற்குக் கணக்குக் கேட்பது சமயத்திற்கு எதிரானது அன்று. குடியரசில் குடிமக்களின் உரிமை அது.