அண்டாவிலிருந்து கீசர் வரை: ஒரு சுடுதண்ணி வரலாறு

போன மார்கழியில ஒரு நாள் விடியக்காலம். குளிக்கப் போன அம்மாகிட்ட இருந்து சத்தம். "கண்ணு, பச்சத்தண்ணியா வருது பாரு!" அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, மூட்டுவலி வேற. சுடுதண்ணி இல்லைன்னா அன்னிக்குப் பூரா எந்திரிக்கவே சிரமம்.

நமக்குத் தெரிஞ்ச வைத்தியத்தை எல்லாம் பார்த்தேன். சுவிட்சு சரி. எம்.சி.பி. விழலை. கீசர்ல சிவப்பு விளக்கு எரியுது, அப்ப கரண்ட் வருது. ஷவர் மிக்சர்ல கோளாறான்னு பார்த்தா, கீசரிலிருந்து வெளியே வர்ற குழாயே ஜில்லுன்னு இருக்கு. அதோட என் ஞானம் முடிஞ்சுது :-)

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மெயினை அணைச்சுட்டு, தண்ணியை வடிச்சு, காயிலைக் கழட்டினார். காயிலா அது? நம்மூரு மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெள்ளையா, தடியா ஒண்ணு வந்துச்சு. "உப்புத்தண்ணிங்ண்ணா. காயில் உள்ளுக்குள்ள அறுந்துபோச்சு. லைட்டு எரியும், தண்ணி காயாது"ன்னார்.

அந்த வெள்ளைப் படிவத்தைக் கையில வச்சுப் பார்த்துட்டே யோசிச்சதுதான் இந்தப் பதிவு.

கீசர்ங்கிற பேரு ஐஸ்லாந்துல இருக்கிற 'கெய்சிர்' என்ற வெந்நீர் ஊற்றுல இருந்து வந்தது. 1868-ல் லண்டன்ல பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸ்ல எரியுற தண்ணி சூடாக்கி ஒண்ணைச் செஞ்சு, அதுக்கு 'கீசர்'னு பேர் வச்சார். புகை வெளியே போக வழியே இல்லாத ஆபத்தான சமாச்சாரம் அது. 1889-ல் அமெரிக்காவுல எட்வின் ரூட் தானாகவே இயங்குற, தண்ணியைச் சேர்த்து வைக்கிற ஹீட்டரைக் கொண்டுவந்தார். கரண்ட் கீசர் எல்லாம் அதுக்கு அப்புறம்.

நம்ம பக்கம் கதையே வேற. மேட்டூர் அணை 1934-ல் முடிஞ்சுது. அங்க நீர்மின்சாரம் 1937-ல் வந்துச்சு. ஆனா ராசிபுரம் பக்கத்துல எங்க ஊருக்குள்ள கரண்ட் வந்து ரொம்ப காலம் கழிச்சும், பொடக்காளியில இருந்தது மூணு கல்லும் ஒரு செப்பு அண்டாவும்தான். பருத்திமார், தென்னமட்டை, தேங்காத்தொட்டி, கிடைச்சதெல்லாம் எரியும். வீட்டுல எத்தனை பேரோ அத்தனை பேரும் அதே அண்டாவுலதான் மொண்டு ஊத்திக்கணும். கடைசியா குளிக்கிறவனுக்கு வெதுவெதுப்புதான் மிச்சம்.

அந்த அண்டாவுலயும் வெள்ளையாப் படியும். அப்பத்தா வாரம் ஒருதரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். பளபளப்புக்குத்தான் தேய்க்கறாங்கன்னு அப்ப நினைச்சேன். உண்மையில அது ரசாயனம். தண்ணியில கரைஞ்சிருக்கிற கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட் சூடானா உடைஞ்சு, கரையாத உப்பாப் படியும். புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் அதைக் கரைச்சிடும். அண்டா திறந்த பாத்திரம், கையை விட்டுத் தேய்க்கலாம். கீசர் மூடின பாத்திரம், உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்கே தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

25 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் காயிலுக்கு அரைமணி நேரம், கிட்டத்தட்ட ஒரு யூனிட் கரண்ட் ஆகும். காயில் மேல உப்புப் படிஞ்சா சூடு தண்ணிக்குச் சீக்கிரம் இறங்காது. காயில் தனக்குள்ளேயே வெந்து கருகிடும்.

இதுல ஒரு வேடிக்கை. சேலத்துல 'சாக் ஹில்ஸ்'னு வெள்ளைக்காரன் பேர் வச்ச குன்றுகள்ல இருக்கிறது சாக்கே இல்லை, மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். நம்மாளுங்க சொல்ற வெள்ளைக்கல். கீசர் காயிலுக்குள்ள கம்பியைச் சுத்தி கரண்ட் தாண்டாம இருக்க அடைச்சிருக்கிறது மக்னீசியம் ஆக்சைடு பொடி. டேங்க் துருப்பிடிக்காம இருக்கத் தன்னைத் தானே கரைச்சுக்கிற கம்பியும் பெரும்பாலும் மக்னீசியம்தான். காயிலைக் காப்பாத்துறதும் மக்னீசியம், கொல்றதுல பங்காளியும் மக்னீசியம்!

ஆனா சிரிச்சுட்டுப் போக முடியலை. தாத்தா காலத்துக் கிணறு அறுபது அடி. இப்ப எங்க போர் எண்ணூத்தம்பது அடி. நாடு பூரா போர் போடுற ரிக் வண்டிங்க நம்ம திருச்செங்கோட்டுல இருந்துதான் கிளம்புது, அதுல நமக்குப் பெருமையும் உண்டு. ஆனா எங்க ஊர்ல ஆழம் போகப் போக உப்பும் ஏறிக்கிட்டேதான் வந்துச்சு. அப்பத்தா வாரத்துக்கு ஒருக்கா தேய்ச்சது கிணத்துத் தண்ணிக்கு. நாங்க இந்தத் தண்ணியை ரெண்டு வருஷமா திறந்துகூடப் பார்க்காம ஓட்டியிருக்கோம். தப்பு கீசர் மேல இல்லைங்க.

புதுக் காயில் வர ரெண்டு நாள் ஆச்சு. பரண்ல கிடந்த அண்டாவை இறக்கி, பின்பக்கம் மூணு செங்கல் வச்சு மூட்டினேன். புகையில கண்ணெரிச்சல் எனக்கு. அம்மா குளிச்சுட்டு வந்து, "தண்ணி பதமா இருந்துச்சு கண்ணு. அண்டாவைத் தேய்ச்சு வை"ன்னாங்க.

கீசர் சரியாயிடுச்சு. வருஷத்துக்கு ஒருதரம் கழட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லி அந்தத் தம்பிகிட்டப் பேசியாச்சு. அண்டாவைத்தான் திரும்பப் பரண்ல ஏத்தலை.

பி.கு: உங்க கீசர்ல சேஃப்டி வால்வு சொட்டுச்சுன்னா துணியைச் சுத்தி அடைச்சுடாதீங்க மக்களே. உள்ள அழுத்தம் ஏறினா வெளியேற அது ஒண்ணுதான் வழி.