தென்னையை வரைந்த கை எது?

ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1928-இல் வெளியிட்ட தாவரப் படங்களில் நிறமும் இல்லை, பின்புலமும் இல்லை. பெரணியின் சுருள் குருத்து மட்டும் பல மடங்கு பெருத்து நிற்கும். செடியை இப்படித் தனியே நிறுத்தி நெருங்கிப் பார்க்கும் கலைக்கு நம் பக்கத்தில் முன்னோடி உண்டா என்று தேடினால், சரியாக 250 ஆண்டுகள் பின்னோக்கிக் கொச்சிக்குப் போகவேண்டியிருக்கிறது.

கொச்சியில் உருவான மலபார்த் தாவர நூல் ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸின் முதல் தொகுதி 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. 1693-க்குள் 12 தொகுதிகள், 742 தாவரங்கள், எல்லாம் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். வேலையை நடத்தியவர் மலபாரின் டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீடே.

இந்நூல் யார் யாருடைய உழைப்பு என்று தேடியபோது முதலில் கிடைத்த தடயம், மருந்தறிவைத் தந்தவர்களின் சாட்சிப் பத்திரங்கள். இட்டி அச்சுதன் வைத்தியரும், கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரும் 1675 ஏப்ரலில் கொடுத்தவை, முதல் தொகுதியிலேயே உள்ளன. மருந்தறிவு யாருடையது என்பதில் ஐயமில்லை. வரைந்தவர் யார்?

மூன்றாம் தொகுதி முன்னுரையில் வான் ரீடே வழி காட்டுகிறார்: பறித்து வந்த செடிகளை, வாடுமுன்னே, அருகிலிருந்த மூன்று நான்கு ஓவியர்கள் வரைந்தார்கள். ஆய்வாளர்கள் மீட்டெடுத்த பெயர்களில் இரண்டு, அந்தோனி கூட்கிண்ட், மார்செலிஸ் ஸ்ப்ளின்டர். கார்மல் சபைத் துறவி மத்தேயுவின் கோட்டுப் படங்களே இந்நூலுக்குத் தொடக்கம்.

முதல் தாவரம் தென்னை, "தெங்கா". மரம் முழுதாகவும், பாளையும் காயும் தனித்தனியாகவும் நான்கு படங்கள். கோடு நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். மட்டையின் வளைவும் காயின் பருமனும் அதிலேயே வந்துவிடுகின்றன. பெயர் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் படத்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கிறது. வண்ணம் சேர்த்திருந்தால் இந்தக் கோடுகளின் துல்லியம் கண்ணில் பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் பல மலபார்ச் செடிகளை அறிந்தார். தென்னைக்கு அவர் சூட்டிய அறிவியல் பெயருக்கு இன்று மூலச் சான்றாக நிற்பது உலர்த்திய ஓலை அல்ல, இந்த நான்கு படங்கள். பிற்காலத்தில் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் இந்நூலின் செடிகளைக் காடு மேடெல்லாம் தேடிச் சேகரித்து, படங்களோடு ஒப்பிட்டுப் பெயர்களை உறுதிசெய்தார். அவரது ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. கொச்சியில் அந்த ஓவியர்கள் அவசரமாக வரைந்த கோடுகளை நம்பித்தான் அவர் செடிகளைத் தேடினார்.